காற்று கண்ணில் படும் பருவம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்றொரு துறைமுக நகரம். அட்லாண்டிக் பெருங்கடல் அங்கிருந்து ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் 300 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல்கள் ஊரின் கடைத்தெருவை ஒட்டியே வந்து போகின்றன. சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் இருக்கும் இந்தத் துறைமுகத்துக்குள் நுழைய வெட்டப்பட்ட கால்வாயின் அகலம் 91 மீட்டர். உள்ளே வரும் பெரிய கப்பலின் அகலம் 32 மீட்டர். கால்வாயின் இருபுறமும் கான்கிரீட் கரை. அதில் நிற்பவருக்கும் கப்பலின் இரும்புச் சுவருக்கும் இடையே முப்பது மீட்டர் தண்ணீர்தான். கோடையில் அந்தக் கரை முழுக்கச் சுற்றுலாக் கூட்டம். ஜனவரி முதல் வாரத்தில், வெப்பநிலை மைனஸ் 20, மைனஸ் 25 என்று இறங்கிய பிறகு, கூட்டம் கலைந்துவிடும். முக்காலியும் கேமராவுமாய்ச் சிலர் மட்டும் வந்து நிற்பார்கள்.

பொழுதுபோக்காகக் கப்பலையும் ரயிலையும் படம் பிடிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் விவரம் தெரிந்தவர்கள் காத்திருப்பது கடுங்குளிருக்குத்தான். கோடைப் படத்தில் கப்பல் இருக்கும், தண்ணீர் இருக்கும், வானம் இருக்கும். நடுவிலுள்ள காற்று இருக்கிற இடமே தெரியாது. குளிர் ஏற ஏற அந்தக் காற்று தன்னைக் காட்டிக்கொடுக்கத் தொடங்குகிறது. எங்கே சூடு இருக்கிறது, எங்கே ஈரம் இருக்கிறது, எது எதோடு கலக்கிறது என்பதெல்லாம் வெள்ளையாகவோ நெளிவாகவோ ஒளித்தூணாகவோ கண்முன் வந்து நிற்கும். குளிர்காலப் படங்களின் அழகில் பெரும்பங்கு இந்த வெப்பநிலை வேறுபாடுகளுடையது.

முதலில் ஏரியின் மேல் எழும் புகையை எடுத்துக்கொள்வோம். மைனஸ் 20 டிகிரிக் குளிரில் சுப்பீரியர் ஏரியைப் பார்த்தால், தண்ணீர் கொதிப்பதுபோல மேற்பரப்பெங்கும் வெள்ளை ஆவி எழுந்து, காற்றில் சுழன்று, சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேலே கம்பம் கம்பமாக நிற்கும். மாலுமிகள் இதைக் கடல்புகை என்பார்கள். தண்ணீரின் வெப்பநிலை அப்போது 2 டிகிரி இருந்தாலே அதிகம். கொதிநிலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பின் ஆவி எங்கிருந்து வருகிறது?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மைனஸ் 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் ஏறக்குறைய 1 கிராம் நீராவியைத்தான் தாங்கும். தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய காற்றடுக்கு 2 டிகிரியில் இருப்பதால் அதில் கனமீட்டருக்கு ஐந்தரை கிராம் வரை இருக்கும். இரண்டும் சரிபாதியாகக் கலந்தால் வெப்பநிலை மைனஸ் 9க்கு வரும். நீராவி கனமீட்டருக்கு மூன்றேகால் கிராம் அளவில் இருக்கும். ஆனால் மைனஸ் 9 டிகிரிக் காற்று தாங்கக்கூடியது இரண்டரை கிராம்தான். மிச்சம் முக்கால் கிராம் நீர் எங்கே போகும்? நுண்துளிகளாக மாறி வெள்ளையாகத் தெரியும். இரண்டு தெளிந்த காற்றுகள், எதிலும் மூடுபனி இல்லாதவை, கலந்த கணத்தில் மூடுபனி பிறந்துவிடுகிறது. காற்றின் கொள்ளளவு வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறாமல் வளைந்து ஏறுவதுதான் இதன் அடிப்படை. கொள்ளளவு நிறைய ஈரம் ஏந்திய இரண்டு காற்றுகளின் கலவை எப்போதும் அந்த வளைவுக்கு மேலேதான் போய் விழும்.

ஏரி இவ்வளவு குளிரிலும் ஏன் உறையாமல் புகைந்துகொண்டிருக்கிறது என்பதற்குக் காரணம் அதன் ஆழம். சுப்பீரியரின் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 406 மீட்டர். நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். இலையுதிர் காலத்தில் மேல் தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, கீழிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் மேலே வரும். இந்தப் புரட்டல் ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வரும்வரை நிற்காது. அதற்குப் பிறகுதான் மேற்பரப்பு தனியாகக் குளிர்ந்து உறையத் தயாராகும். ஆழம் குறைந்த துறைமுகம் டிசம்பரிலேயே உறைந்துவிட, வெளியே ஏரி ஜனவரியிலும் திறந்து கிடப்பது இதனால்தான். படக்காரர்களுக்கு இது பெரிய கொடை. ஒரே சட்டத்துக்குள் முன்னால் பனிக்கட்டித் தகடுகள், பின்னால் புகையும் நீர், நடுவே கப்பல்.

அந்தக் கப்பல் வரும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் தெரிவது கப்பலின் மேல்பாதி மட்டுமே. பின்பகுதியில் உள்ள மாலுமிக் கூடமும் புகைபோக்கியும் புகைமூட்டத்துக்கு மேலே தனியாக மிதந்து வரும். முந்நூறு மீட்டர் உடல் எங்கே என்று தெரியாது. கால்வாயின் வாயை நெருங்கும்போதுதான் மூக்கு வெளிப்படும். அது கப்பலின் மூக்காகவும் இருக்காது. வழியில் அலைகள் மோதித் தெறித்த நீர், மைனஸ் 20 டிகிரி இரும்பின் மேல் விழுந்தவுடனே உறைந்து, நங்கூரத்தை மூடி, கைப்பிடிக் கம்பிகளைத் தொடை பருமனாக்கி, பெயர் எழுத்துகளைப் பாதி விழுங்கியிருக்கும். பனிக்கட்டியின் அடுக்குகளைப் பார்த்தே எந்தப் பக்கக் காற்றில் கப்பல் வந்தது என்று சொல்லிவிடலாம். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் ஏறக்குறைய வெறுமையாகவும் இருக்கும். கால்வாய்க்குள் வந்ததும் கப்பல் சங்கு ஊதும். வழக்கமான மரியாதை ஒலி மூன்று நீளம், இரண்டு குறுக்கம். கால்வாயின் குறுக்கே நிற்கும் தூக்குப்பாலத்தின் சங்கு அதைத் திருப்பி ஊதும்.

அந்தப் பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. 1905இல் அது கட்டப்பட்டபோது மேலே உத்தரமும் அதிலிருந்து தொங்கும் ஒரு கூண்டும்தான் இருந்தன; மனிதர்களையும் வண்டிகளையும் அந்தக் கூண்டே அக்கரை சேர்த்தது. ஊர் வளர்ந்ததும் 1929–30இல் அதைத் தூக்குப்பாலமாக மாற்றினார்கள். கப்பல் வரும்போது நடுப்பகுதி முழுவதும் கிடைமட்டமாகவே 41 மீட்டர் உயரத்துக்கு மேலேறி வழிவிடும். உலகெங்கிலுமிருந்து வருபவர்கள் இங்கே எடுக்கும் படங்களில் பின்னணியாக நிற்பது இந்த எஃகுச் சட்டம்தான்.

இவ்வளவு நல்ல காட்சி கண்ணெதிரே வந்தும் கேமரா அதைக் கெடுத்துவிடுவது உண்டு. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, தன் முன்னால் உள்ள காட்சி சராசரியாக 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. புதிதாக விழுந்த வெண்பனியோ 80 முதல் 90 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். அவ்வளவு வெளிச்சத்தைக் கண்ட கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். படத்தில் பனி அழுக்குத் துணிபோல விழும். அதனால்தான் பனிக்காட்சியில் எக்ஸ்போஷரை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும் என்கிறார்கள்.

கப்பல் விஷயத்தில் இதுவும் போதாது. கப்பல் தூரத்தில் இருக்கையில் சட்டம் முழுக்க வெள்ளை. கால்வாய்க்குள் வந்ததும் அதே சட்டத்தைத் துருச்சிவப்பு இரும்புச் சுவர் அடைத்துக்கொள்ளும். இரண்டிலும் விழும் வெயில் ஒன்றே, ஆனால் தானியங்கிக் கேமரா முதல் படத்தை இருட்டாகவும் கடைசிப் படத்தை வெளுப்பாகவும் எடுத்து வைக்கும். அனுபவப்பட்டவர்கள் தானியங்கியை அணைத்துவிட்டு, வெயில் விழும் பனியை வைத்து ஒரே ஒருமுறை அளவைக் கையால் பொருத்திவிடுவார்கள். கப்பல் வந்து போகும்வரை அதைத் தொடுவதில்லை.

வெயிலும் அங்கே வேறு தினுசு. டுலூத் 46.8 பாகை வடக்கில் இருப்பதால் டிசம்பர் 21 அன்று உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 20 பாகைக்குமேல் ஏறாது. பகல் எட்டரை மணி நேரம்தான். தலைக்கு நேராக வரும் ஒளியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றைக் கடந்து அந்த ஒளி வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, வந்து சேர்வது நாள் முழுவதும் மஞ்சள் கலந்த சாய்வெளிச்சம். சிதறிய நீலம் வானமெங்கும் பரவி, வெயில் படாத பனிநிழல்களில் போய் விழுகிறது. நிழல் நீலமாகவும் வெயில் பொன்னாகவும் இருக்கும் அந்தப் படங்களைப் பார்த்துக் கணினியில் வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பலர் நினைப்பதுண்டு. மேகமற்ற நாளில் அங்கே நேரில் நின்றாலும் அப்படித்தான் இருக்கும்.

குளிர் காட்டிக்கொடுக்கும் இன்னொரு விஷயம், ஒளி வளைவது. காற்றின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.0003. வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மாறும். அற்பமான மாற்றம். ஆனால் ஏரியை உரசி வரும் ஒளி, பல கிலோமீட்டர் தூரம் இந்த அற்ப மாற்றங்களுக்கு நடுவே பயணம் செய்கிறது. தண்ணீரை ஒட்டிய காற்று வெதுவெதுப்பாகவும் அதற்கு மேல் குளிர்ந்தும் இருக்கும்போது ஒளி மேல்நோக்கி வளையும். விளைவாக, தூரத்துக் கப்பலின் அடிப்பாகம் காணாமல் போய், மேல்பாகத்தின் தலைகீழ் உருவம் அதற்கடியில் ஒட்டிக்கொள்ளும். கப்பல் வானத்தில் தொங்குவதுபோலத் தெரியும். வெயில் காய்ந்த தார்ச்சாலையில் தண்ணீர் தேங்கியிருப்பதாகத் தோன்றுவதும் இதே கானல்தான். ஒரே ஒரு வேறுபாடு, அங்கே சாலை 60 டிகிரியில் இருக்கும். இங்கே மைனஸ் 20க்கு முன்னால் 2 டிகிரித் தண்ணீரே அடுப்பாகிவிடுகிறது.

தொலைவை இழுக்கும் 400, 600 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வளைவு பெரும் தலைவலி. படம் முழுக்க நெளியும். எவ்வளவு திருகினாலும் ஃபோகஸ் பிடிக்காது. புதிதாக வருபவர்கள் லென்ஸ் பழுது என்றே முடிவு கட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் இரண்டு அடி தூரத்தில் இருக்கும். குளிருக்குப் பயந்து காருக்குள் உட்கார்ந்து, ஹீட்டரை ஓடவிட்டு, கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தால், ஜன்னல் வழியே வெளியேறும் 20 டிகிரிக் காற்று மைனஸ் 20 டிகிரிக் காற்றோடு லென்ஸுக்கு நேர் எதிரே கலக்கிறது. நாற்பது டிகிரி வேறுபாடு! ஹீட்டரை நிறுத்திவிட்டு வெளியே இறங்கி, லென்ஸும் குளிரும்வரை பொறுத்திருந்தால் கணிசமான படங்கள் பிழைத்துக்கொள்ளும். ஏரியின் மேலுள்ள நெளிவுக்கு மட்டும் மருந்து இல்லை. கப்பல் கிட்டே வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

எப்போது வரும் என்பதைத் தெரிந்துகொள்வது இப்போது எளிது. பெரிய வணிகக் கப்பல்கள் தம் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றை வானொலி அலையில் சில நொடிகளுக்கு ஒருமுறை அறிவித்துக்கொண்டே போகும் ஏஐஎஸ் கருவியைப் பொருத்தியிருக்கின்றன. கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வந்த ஏற்பாடு அது. கைபேசியில் அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே காபிக் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசிக் கால்மணி நேரத்தில் கரைக்கு வரலாம்.

காபிக் கடையில்தான் கேமராவுக்கு ஆபத்து. மைனஸ் 20இல் ஊறிய லென்ஸை 20 டிகிரி அறைக்குள் கொண்டுபோனால், அறைக்காற்றின் ஈரமெல்லாம் அந்தக் குளிர்ந்த கண்ணாடியின் மேலும், உள்ளே சர்க்யூட் பலகையின் மேலும் படியும். மறுபடி வெளியே எடுத்துப் போனால் படிந்தது உறையும். வெளியிலேயே கேமராவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கி மூடி, அறைக்குள் கொண்டுபோய் மணிக்கணக்கில் திறக்காமல் வைப்பதுதான் வழி. பைக்குள் இருக்கும் வெளிக்காற்றில் ஈரம் கனமீட்டருக்கு ஒரு கிராம்கூட இல்லை. படிவதற்கு எதுவும் கிடையாது. ஈரமெல்லாம் பையின் வெளிப்புறத்தில் பூத்து நிற்கும்.

பேட்டரிக்கு வேறு நோய். லித்தியம் அயனிகள் நீந்திக் கடக்க வேண்டிய திரவம் குளிரில் கெட்டிப்படுவதால் அவற்றின் ஓட்டம் மந்தமாகிறது. முழுக்க மின்னேற்றிய பேட்டரி சிறிது நேரத்திலேயே காலி என்று காட்டிவிடும். உண்மையில் அதற்குள் மின்சாரம் தீரவில்லை; சட்டைக்குள், உடம்பை ஒட்டிய பையில் வைத்துச் சூடேற்றினால் மறுபடி உயிர் வரும். அதனால் இரண்டு பேட்டரிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது வழக்கம். குளிர் ஒரே ஓர் உதவியும் செய்கிறது. சென்சாரில் வெப்பத்தால் தானாக எழும் மின்னிரைச்சல் குறைவதால், நீண்டநேரம் ஒளி வாங்கி எடுக்கும் இரவுப்படங்கள் கோடையில் எடுத்தவற்றைவிடத் துப்புரவாக இருக்கும். வானியலாளர்கள் தம் கேமராக்களை வேண்டுமென்றே குளிர்விப்பது இதற்காகத்தான்.

ஜனவரி 15 நள்ளிரவோடு கப்பல் கதை முடிகிறது. சுப்பீரியர் ஏரியிலிருந்து கீழே ஹியூரான் ஏரிக்குப் போகக் கப்பல்கள் ஆறு மீட்டருக்கும் அதிகமாக இறங்க வேண்டும். அதற்காகச் சூ செயின்ட் மரீயில் உள்ள நீர்ப்பூட்டுகளை ஆண்டுதோறும் மார்ச் 25 வரை மூடிப் பழுது பார்க்கிறார்கள். டுலூத்திலும் எதிர்க்கரையிலுள்ள சுப்பீரியர் நகரிலும் பல கப்பல்கள் கட்டிக் கிடக்கும். வெல்டிங் பொறி பறக்கும் அந்த ஓய்வுக்காலத்தையும் படம் எடுப்பவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலோர் இப்போது முக்காலியை ரயில்பாதைப் பக்கம் திருப்புவார்கள்.

டுலூத்தில் கப்பலையும் ரயிலையும் பிரிக்கவே முடியாது. வடக்கே மெசாபி மலைத்தொடரில் வெட்டியெடுக்கும் டாகோனைட் பாறையில் இரும்பு கால்பங்கு, முப்பது சதவீதம்தான். அதை மாவாக அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, கோலிக்குண்டைவிடச் சிறிய உருண்டைகளாக்கிச் சுட்டு, ரயிலில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள். 309 மீட்டர் நீளமுள்ள ‘பால் ஆர். டிரகுர்த்தா’தான் 1981 முதல் சுப்பீரியர் உள்ளிட்ட பேரேரிகளின் மிகப் பெரிய கப்பல். ஒரே நடையில் 68,000 டன் வரை சுமக்கும். வேகனுக்கு 70, 80 டன் என்று வைத்தாலும், அதை நிரப்ப எண்ணூற்றுக்கும் மேற்பட்ட வேகன்கள் வேண்டும். டுலூத்தின் ஆறாம் எண் தாதுத் துறை, தண்ணீருக்குள் 700 மீட்டர் நீண்டு நிற்கும் எஃகு மேடை. ரயில் அதன் தலைமேல் ஏறி, கீழே உள்ள தொட்டிகளில் சுமையைக் கொட்டும். தொட்டிகள் 12 அடிக்கு ஒன்று. தாது வேகனின் நீளம் 24 அடி. பழைய கப்பல்களின் மேல்தள வாய்களும் 12 அல்லது 24 அடிக்கு ஒன்று. ரயில், துறை, கப்பல் மூன்றும் ஒரே அளவுகோலால் வெட்டப்பட்டவை. பக்கவாட்டில் எடுத்த நல்ல படத்தில் அந்தச் சீரான இடைவெளி தாளம்போலத் தெரியும்.

இந்தக் குட்டை வேகன்களுக்குக் குளிர்காலம் முன்பெல்லாம் பெரும் சோதனையாக இருந்தது. உருண்டைகளாக்கும் முறை வருமுன் ஈரமான மண்தாதுவாகவே ஏற்றினார்கள்; இலையுதிர் காலக் கடைசியில் அது வேகனோடு சேர்ந்து உறைந்துவிடும். நீராவி பாய்ச்சித்தான் இளக்கினார்கள்.

இன்றைய ரயிலைக் குளிர் வேறு இடத்தில் பிடிக்கிறது. சரக்கு ரயிலின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. எஞ்சினிலிருந்து கடைசி வேகன்வரை ஓடும் குழாயில் அழுத்தம் நிறைந்திருந்தால் சக்கரங்கள் விடுபடும். அழுத்தம் இறங்கினால் பிரேக் பிடிக்கும். வேகனுக்கு வேகன் ரப்பர் குழாயால் இணைப்பு. கடுங்குளிரில் ரப்பர் விறைத்து, ஒவ்வோர் இணைப்பிலும் துளித்துளியாகக் காற்று கசியும். நூறு வேகன் கசிவு சேர்ந்தால் வால்பக்கத்தில் அழுத்தமே நிற்காது. எனவே மைனஸ் 25க்குக் கீழே போனால் கனடியன் நேஷனல் போன்ற ரயில் நிறுவனங்கள் ரயிலின் நீளத்தைக் குறைக்கின்றன. நடுவிலும் பின்னாலும் எஞ்சின் சேர்க்கின்றன. காற்றழுத்தி பொருத்திய தனி வேகனையும் கோத்துவிடுகின்றன. ரயிலின் நடுவில் எஞ்சின் வருகிறது என்றால் எதற்கு என்று பாதையோரப் படக்காரருக்குத் தெரியும். தண்டவாளமும் சும்மா இருப்பதில்லை. வெப்பநிலை 60 டிகிரி குறைந்தால் ஒரு கிலோமீட்டர் எஃகு 70 சென்டிமீட்டர் சுருங்கப் பார்க்கும். பற்றவைத்த நெடும்பாதையில் சுருங்க வழியில்லாததால் அது நாண்போல இழுபட்டு நிற்கும். நுண்விரிசல் இருந்தால் அங்கே முறியும். முறிந்தால் தண்டவாளம் வழியே ஓடும் சைகை மின்னோட்டம் அறுந்து, விளக்கு சிவப்பாகிவிடும்.

படத்துக்கு வருவோம். எஞ்சினின் மேலே வெள்ளையாக எழும் தூணைப் புகை என்றே நினைப்போம். டீசல் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால், ஒரு கிலோ டீசலுக்கு ஒரு கிலோவுக்கும் அதிகமான தண்ணீர் உண்டாகிறது. கோடையில் அந்த நீராவி கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கரைந்துவிடும். குளிரில் கரைய இடமில்லை. ஏரியில் நடந்த அதே கணக்கு இங்கே எஞ்சினின் தலைமேல் நடக்கிறது. நீராவி எஞ்சின் ரசிகர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். சீனாவின் உள்மங்கோலியாவில், ஜிங்பெங் கணவாய் வழியே போகும் ஜிடோங் ரயில்பாதையில் 2005 டிசம்பர் வரை க்யூஜே வகை நீராவி எஞ்சின்கள் சரக்கு இழுத்தன. ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா என்று எங்கிருந்தோ அந்தக் கணவாய்க்கு வந்தவர்கள் தேர்ந்தெடுத்தது உறைபனிக் காலத்தையே. இரட்டை எஞ்சின்களின் வெண்தூண்கள் பள்ளத்தாக்கில் கலையாமல் நிற்பதை வேறு பருவத்தில் எடுக்க முடியாது.

பறக்கும் வெண்பனிக்கும் குளிர் தேவை. பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில் பனித்துகள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால் அவை ஒட்டிக்கொள்ளும். மைனஸ் 20இல் அவை மணல்போல உதிரி. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் ரயில் அவற்றைக் கிளப்பினால் பின்பாதி ரயிலே தெரியாது. எதிர்க்காற்றுப் பக்கம் நின்றால்தான் எஞ்சினாவது மிஞ்சும். அந்த வேகத்தில் ரயில் நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. ஷட்டர் நொடியில் 500இல் ஒரு பங்கு திறந்திருந்தாலே நான்கு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நேரே எதிர்வரும் ரயிலுக்கு அது பொறுக்கும், குறுக்கே போகும் ரயிலுக்குப் பொறுக்காது.

இரவில் வேறு காட்சி. காற்றில் மிதக்கும் அறுகோணப் பனித்தகடுகள் கிடைமட்டமாக அசைந்து இறங்கும்போது, துறைமுக விளக்கு ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் ஒளித்தூண் நிற்கும். தகடுகளின் அடிப்பரப்பில் பட்டு மீளும் ஒளிதான் அது. பகலில் அதே தகடுகள் சூரியனுக்கு இருபுறமும் 22 பாகையில் இரண்டு பொய்ச்சூரியன்களை உண்டாக்கும்.

இந்தப் பொழுதுபோக்கில் உயிருக்கு ஆபத்து உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். புதுப்பனி துளைகள் நிறைந்த மெத்தை; ஒலியை விழுங்கிவிடும். சங்கு ஊதாத ரயில் ஏறக்குறைய சத்தமின்றியே வந்து சேரும். காதை மூடிய குல்லாவும் கண்ணை மூடிய கேமராவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ரயில் நிலத்துக்குள் நுழைவது அங்கே சட்டப்படி குற்றம். பொதுச்சாலையிலிருந்தும் பாலத்திலிருந்தும் எடுப்பதே முறை. கால்வாய்க் கரையின் வரலாறும் அப்படித்தான். 1905 நவம்பர் 28 புயலில் ‘மடாஃபா’ என்ற கப்பல் கால்வாய் வாயில் மோதி உடைந்தது. கரையில் நெருப்பு மூட்டி ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்பது மாலுமிகள் குளிரில் இறந்தார்கள். 1967 ஏப்ரலில் கரையிலிருந்த மூன்று இளம் சகோதரர்களை அலை இழுத்துப்போனது. தேடப்போன கடலோரக் காவல்படை வீரர் ஒருவரும் திரும்பவில்லை. பனிக்கட்டி பூசிய கான்கிரீட்டின் மேல் ஒரு நல்ல படத்துக்காக இன்னும் ஓரடி முன்னே போகும் எவரும் அந்த இடத்தின் கணக்கு இது என்று அறிந்திருக்க வேண்டும்.

தேதியும் இடமும் சரியாகக் குறித்து ஆண்டுதோறும் ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்களுக்கு இன்னொரு மதிப்பும் இருக்கிறது. 2014இல் ஐந்து பேரேரிகளின் பரப்பில் சுமார் 92 சதவீதம் உறைந்தது. 2023–24 குளிர்காலத்தில் பனிக்கட்டி மிகச் சொற்பம். சூ நீர்ப்பூட்டுகளை மார்ச் 22ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். செயற்கைக்கோள் ஏரியின் மொத்தப் பரப்பைச் சொல்லும். ஒரு குறிப்பிட்ட துறையின் காலடியில் அந்த ஆண்டு, அந்த நாளில் பனிக்கட்டி எவ்வளவு தடித்திருந்தது என்பதை இத்தகைய படங்கள் காட்டும்.

நீர்ப்பூட்டுகள் திறந்து கப்பல்கள் திரும்பியதும் காற்றின் நடத்தை தலைகீழாகிறது. ஏப்ரல், மே மாதங்களில் நிலக்காற்று 15, 20 டிகிரி. ஏரி மட்டும் இன்னும் 3, 4 டிகிரி. இப்போது கீழே குளிர், மேலே சூடு. ஒளி கீழ்நோக்கி வளைந்து, அடிவானத்துக்கு அப்பாலுள்ள கப்பல்கூட மேலே தூக்கிக் காட்டப்படும். அதன் உடல் கோபுரமாக நீண்டு, மேலே தலைகீழ் உருவமொன்று ஒட்டிக்கொள்ளும். இதே அடுக்கு ஒலியையும் கீழே வளைப்பதால் தூரத்துச் சங்கு பக்கத்தில் கேட்கும். இந்தக் கானலின் வடிவம் பார்ப்பவரின் உயரத்தைப் பொறுத்தது. அதனால் அந்த நாட்களில் கரையில் மண்டியிட்டு ஒரு படம், நிமிர்ந்து நின்று ஒரு படம், ஊருக்குப் பின்னால் மலைமேல் ஓடும் ஸ்கைலைன் பார்க்வே சாலையிலிருந்து ஒரு படம் என்று ஒரே கப்பலை மூன்று உயரங்களில் எடுக்கிறார்கள். மூன்றிலும் மூன்று வேறு கப்பல்கள் தெரியும். மலையிலிருந்து எடுத்ததில் மட்டும் அது தன் உண்மையான வடிவில் இருக்கும்.